தடையுத்தரவு கொண்டுவந்த அமீனா

கோர்ட்டு அமீனா ஒருத்தரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். ஒல்லியான ஆள், காக்கிக் கோட்டு, காலில் செருப்பு இல்லை. பேசும்போது நம்ம முகத்தைப் பார்க்கமாட்டார்; நமக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பார். அன்றைக்கு என் பின்னால் எங்கள் குத்தகை வயல் விளைந்து சாய்ந்து கிடந்தது. மறுநாள் அறுப்பு. என் வீட்டுக்காரர் அறுப்புக்கு ஆள் கூப்பிடக் குளத்தூர்ப் பக்கம் போயிருந்தார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

குத்தகைக்காரனை வெளியேற்றக் கூடாதென்று சட்டம் வந்த புதுசு. அதனால் நிலத்துக்காரர் கோர்ட்டுக்குப் போய், நாங்கள் அறுக்காமலிருக்கத் தடை வாங்கிவிட்டார்.

"இதை வாங்கிக்கிட்டா இன்னையிலேருந்து தடை தாயி. நெலம் உள்ள ரெண்டு பேர் ஜாமீன் எழுதிக் குடுத்தாத்தான் அறுக்கலாம்," என்றார் அமீனா. "ஒங்களுக்குக் கையெழுத்துத் தெரியாதுல்ல?"

"ஏன் தெரியாது?"

"கைநாட்டுன்னா சாட்சி வேணும். இங்கிட்டு ஆளே இல்ல. நான் போயிட்டு நாளை கழிச்சுத்தான் வரணும். தெரியாதுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஊரில் பேர் எழுதத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான்.

"பேனாவைக் குடுங்க," என்று வாங்கி, நாலெழுத்தையும் நிதானமாக எழுதினேன். மை காயும்வரை அவர் வயலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் எழுதுறீங்க," என்றார்.

நிலத்துக்காரரை எதிர்த்து ஜாமீன் போட எவரும் வரவில்லை. நெல் மழையில் நின்று கதிரிலேயே முளைத்தது. அந்த ஆள் எங்களுக்கு இரண்டு நாள் கொடுக்கப் பார்த்தார். ஏன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்காரரிடம் இதை நான் கடைசிவரை சொன்னதில்லை.