மொத்த வெயிலும் வெர்னா தலையில்

கோபம் வந்தால் வெர்னா டக்வெல்லுக்குக் குரல் இறங்கும். ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் அந்தச் சமவெளி ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். பிரிஸ்பேனுக்குப் போன புருஷன் திரும்பாத வருஷத்திலிருந்து மாண்டரின் ஆரஞ்சுத் தோப்பைத் தனி ஆளாகக் காப்பாற்றி வருகிறவள். மரம் பருத்தியா என்ன, ஒரு வருஷம் சும்மா போட்டுவிட்டு மறு வருஷம் விதைக்க? அதனால் அணையில் தன் பங்குத் தண்ணீரைக் கோடையின் கடைசிக்கென்று மிச்சம் பிடித்து வைப்பாள்.

அதுவே வினையாகிப்போனது. அதே அணையில் பங்குள்ள பருத்திக்காரர்கள் தங்கள் பங்கை முக்கால்வாசி இழுத்துத் தீர்த்துவிட்டார்கள். அந்த அணை தட்டு மாதிரி அகலமானது. ஆழம் குறைந்தாலும் வெயில் குடிப்பது குறையாது. ஆவியாகிப் போனதை அணை அலுவலகம் கணித்து, எவருடைய தண்ணீர் நிற்கிறதோ அவர் பங்கில் கழிக்கும். அங்கே நடுக்கோடையான ஜனவரியில் நின்றதெல்லாம் அநேகமாக வெர்னாவின் தண்ணீர்.

பொது ஹாலில் பாசனக்காரர்கள் கூடியபோது எழுந்து நின்றாள்.

"அணைக்குள்ள மதகு மட்டத்துக்குக் கீழ எடுக்க முடியாம கிடக்குதே, அது யாரு தண்ணி?"

"அது பொது, வெர்னா," என்றான் பக்கத்து நிலத்துப் பருத்திக்காரன் லோர்ன்.

"அதுவும்தான காயுது? தண்ணி பொது, காயறது மட்டும் என் பங்கிலயா?"

"சூரியன்கிட்ட மனு குடு!" என்றது பின்வரிசை. ஹாலே சிரித்தது.

"சிரிங்கடா. மிச்சம் பிடிச்சவளுக்கு அபராதம், உறிஞ்சிக் குடிச்சவனுக்கு டீயும் கேக்கும்."

பொதுத் தண்ணீரின் இழப்பையாவது எல்லோரும் பகிர வேண்டும் என்றாள். வாக்கெடுப்பில் தூக்கியது அவள் கை ஒன்றுதான். லோர்ன் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பம்பு எரிந்த வருஷம் தன் பம்பைக் கழற்றிக் கொடுத்தவள் அவள்.

நேராக அலுவலகம் போனாள். "என் தண்ணி மொத்தத்தையும் திறந்து விடு."

"மொத்தமுமா? மார்ச்சுக்கு மரத்துக்கு என்னங்க பண்ணுவீங்க?" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

"அது என் பாடு. வெயிலுக்கு இனி ஒரு சொட்டு குடுக்க மாட்டேன்."

அடுத்த வாரம் லோர்ன் தோப்பு வாசலில் வந்து நின்றான். தொப்பி கையில் இருந்தது.

"எனக்குக் கடைசியா ஒரு வாய்த் தண்ணி பாக்கி இருக்கு, வெர்னா. தனியா விட்டா வாய்க்காலே குடிச்சிரும். உன்னோடது வரும்போது சேர்த்து விட்டா பருத்தி பொழைச்சுக்கும்."

"வழியில மண்ணு குடிக்குமே, அந்த நஷ்டம் யாருக்கு?"

"ஆளுக்குப் பாதி."

"அட, உனக்குப் பங்கு போடக்கூடத் தெரியுமா?" அவள் குரல் இன்னும் இறங்கியது. "எங்க, கையத் தூக்கு பாப்போம்."

அசடு வழியத் தூக்கினான். அப்போதுதான் அவள் பூட்ஸைப் பார்த்தான். முழங்கால் வரை ஈரச் சேறு. அவளுக்குப் பின்னால் மர வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் மினுங்கியது.

"நாலு நாளா பாஞ்சு, நேத்தோட முடிஞ்சிருச்சு, லோர்ன். இனி நானும் உன்ன மாதிரி வானத்தப் பாக்க வேண்டியதுதான். கைய இறக்கு, இங்க எண்ணுறதுக்கு யாரும் இல்ல."