நாலு ஊரிலும் பதினேழு கார்

நீர்வேலிச் சந்தியில் லொறி வந்து நின்றது. லொறி நிறைய ரயர், பிளக், பிறேக் லைனிங், காபரேற்றர்ச் சாமான்கள். அதற்கு முன்னால் வந்த காரிலிருந்து கொழும்புக் கொம்பனி மனேச்சர் இறங்கினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு தெருவை வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார். வாழைக்குலை ஏற்றிய மாட்டு வண்டில் ஒன்று போயிற்று. கொஞ்ச நேரத்தில் இன்னொரு மாட்டு வண்டில் வந்தது.

"எங்கை ஐசே, உம்மடை பதினேழு கார்?" என்று கேட்டார்.

நான் ஒரு பலகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அதில் 'மாணிக்கம், தலைமை மெக்கானிக், நீர்வேலி' என்று சிவப்பில் எழுதியிருந்தது. எழுதுவித்து ஒரு கிழமை. வேலை இன்னும் கையில் வரவில்லை.

இன்று கார் திருத்தப் பழகும் தம்பிமார் இதை வாசிக்க வேண்டும். பிழைவிட்டும் மேலே வந்தவன் நான். உங்களில் பலர் பிழைவிட்டால் அங்கேயே இருந்துவிடுகிறீர்கள்.

1. என் தகுதி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் வாத்தியாருக்கும் தெரியாது என்பது என் எண்ணம். பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயில் ஏறி, கொம்பனித்தெருவில் ஒரு கராச்சில் கார் கழுவப் போனேன். ஒன்பது வருடத்தில் எஞ்சின் இறக்கி ஏற்றும் மெக்கானிக் ஆனேன். கண்ணைக் கட்டிவிட்டுத் தெருவோரத்தில் நிறுத்தினால், போகிற கார் ஒஸ்ரினா, மொறிசா, போர்ட்டா என்று சத்தத்தைக் கேட்டே சொல்வேன். கட்டாமல் விட்டால் இன்னும் நன்றாகச் சொல்வேன்.

எந்த ஊரில் எந்தக் கார் ஓடும் என்பதும் எனக்கு அத்துப்படி. கொழும்பில் கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடுகளில் நீளமான அமெரிக்கக் கார். படலைக்குள் முன்பாதி வந்து நின்ற பிறகுதான் பின்பாதி தெருவால் திரும்பும். கண்டிப் பக்கத்துத் தோட்டத்துரைமாருக்கு மலையேறும் கார், வில்லுத் தகடு தடிப்பாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்குச் சின்னக் கார்தான் சரி. எங்கள் ஒழுங்கைகளில் இரண்டு பக்கத்து வேலியிலும் உரசாமல் போக வேண்டுமே.

இதையெல்லாம் நான், எங்கள் கராச்சுக்குச் சாமான் தரும் கொம்பனியின் மனேச்சருக்குச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு வேர்க்சொப் திறக்க யோசித்துக்கொண்டிருந்த காலம் அது.

"வாயாலை சொல்லாதையும். ஊர் ஊராப் போய் எண்ணிக்கொண்டு வாரும். எந்த ஊரிலை என்ன கார், எத்தினை கார். நம்பர் பிளேற் ஒண்டும் எழுதவேண்டாம், இனம் மட்டும் போதும். கணக்குச் சரியெண்டால் வேர்க்சொப்புக்குத் தலைமை மெக்கானிக் நீர்தான்."

அன்றைக்கே கொழும்பு வேலையை விட்டேன். விட்டதை ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டேன். எண்ணிக்கை பிழைத்தால் திரும்பிப்போக எனக்குக் கராச்சும் இல்லை, ஊரில் காட்ட முகமும் இல்லை.

2. எண்ணின விதம்

நான் எந்தக் காரியத்தையும் பஞ்சாங்கம் பாராமல் தொடங்குவதில்லை. நட்டுக் கழற்றுவதானாலும் இராகு காலம் பார்த்துத்தான் ஸ்பானரைத் தொடுவேன். இது பெரிய வேலை. ஆகவே ஐயரிடம் போய், அந்த ஆவணியில் மிக நல்ல நாளாக நாலு நாள் குறித்து வாங்கினேன். நாளுக்கு ஒரு ஊர். நீர்வேலி, சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை. இடையில் கிடந்த நாட்களில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

முதல் நாள் நீர்வேலி. வாழைத் தோட்டத்து நிழலில் கார்கள் வரிசையாக நின்றன. எண்ணினேன். ஒஸ்ரின் பதினொன்று, மொறிஸ் நாலு, போர்ட் இரண்டு. மொத்தம் பதினேழு. பக்கத்து வீட்டில் மேளம் கேட்டது. நல்ல நாளில் எங்கேயாவது மேளம் கேட்கத்தானே செய்யும். கார்களுக்கு முன்னால் பூமாலை கட்டியிருந்தது. நீர்வேலியார் காரை இவ்வளவு பக்தியாக வைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோசம். ஒரு றைவர் பொன்பல் தெரியச் சிரித்துக் கையைக் காட்டினான். நானும் காட்டினேன்.

அடுத்த நல்ல நாள் சுன்னாகம். அங்கேயும் பதினேழு. ஒஸ்ரின் பதினொன்று, மொறிஸ் நாலு, போர்ட் இரண்டு. மாலை மாத்திரம் கடதாசிப் பூவில். அங்கேயும் ஒரு றைவர் பொன்பல்லைக் காட்டிச் சிரித்தான். என் பெயர் இவ்வளவு தூரம் பரவிவிட்டதே என்று நினைத்தேன்.

சாவகச்சேரியிலும் பதினேழு. பருத்தித்துறையிலும் பதினேழு. இரண்டு இடத்திலும் பொன்பல். இந்தக் காலத்து றைவர்மார் எல்லாரும் பொன்பல் கட்டுகிறார்கள் போலும் என்று கொப்பியில் ஓரமாக எழுதிவைத்தேன். நல்ல மெக்கானிக் காரின் பொனற்றைப் பார்ப்பானே தவிர றைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான்.

கொழும்பில் மனேச்சர் கொப்பியை இரண்டுதரம் புரட்டினார்.

"என்ன ஐசே, எல்லா ஊரிலையும் பதினேழு?"

அந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. "ஐயா, யாழ்ப்பாணத்தாரை உங்களுக்குத் தெரியாது. ஒரு ஊர் பதினேழு வாங்கினால் மற்ற ஊர் பதினாறோடை நிண்டுகொள்ளுமே? வாங்கினால் இனமும் அதே இனம்தான். ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்குடாயினம்."

அவர் அதை நம்பினார். நானும் நம்பினேன். நாலு ஊருக்கும் நடுவில் வசதியான இடம் நீர்வேலி என்று வரைபடத்தில் வட்டமும் போட்டார்.

3. அட்டமி

மனேச்சர் பஞ்சாங்கம் பார்க்கிற மனிதர் அல்ல. தனக்கு வசதியான நாளில் லொறியோடு புறப்பட்டார். அது அட்டமி, நல்ல காரியத்துக்கு ஆகாத நாள். வேண்டாம் என்று தந்தி அடித்தேன். அவர் கேட்கவில்லை. அதனால்தான் சந்தியில் மாட்டு வண்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வருவினம் ஐயா. வெயில் ஏறட்டும்," என்றேன்.

வெயில் ஏறிற்று. மூன்றாவது மாட்டு வண்டில் வந்தது.

"காருக்குப் பதிலா மாட்டை எண்ணினீரோ?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது யாழ்ப்பாணப் பட்டணப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம். காதைக் கொடுத்தேன். "ஒஸ்ரின்," என்றேன். ஒஸ்ரின்தான். ஆனால் முன்னால் பூ இல்லை, ஆவி பறந்தது. சந்திக்கு வந்து நின்றதும் றைவர் இறங்கிச் சிரித்தான். பொன்பல்.

"என்ன அண்ணை, இண்டைக்குமோ? இண்டைக்கு அட்டமியெல்லோ, ஆர் கலியாணம் வைக்கிறது?"

"என்ன கலியாணம்?" என்று மனேச்சர் கேட்டார்.

"உந்த அண்ணையை நாலு கலியாணத்திலையும் கண்டனான் ஐயா. இஞ்சை, சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை. ஒரு பந்தியும் தப்பவிடாத ஆள், எந்தப் பகுதிச் சொந்தமோ எண்டு றைவர்மார் நாங்கள் கதைச்சுக்கொண்டனாங்கள்."

நான் ஒரு பந்தியிலும் இருக்கவில்லை. இப்போதும் அதைச் சொல்லிவைக்கிறேன்.

"அப்ப அந்தப் பதினேழு கார்?"

"எங்கடை ஸ்ராண்டுக் கார்தான், யாழ்ப்பாணப் பட்டணத்திலை நிக்கிறது. மாப்பிள்ளை பகுதிக்கு வாடகைக்கு எங்கை கூப்பிட்டாலும் பதினேழும் சேந்துதான் போகும். நீர்வேலியிலை ஆரிட்டைக் கார்? நான் குலை ஏத்த வந்தனான்."

இராசு என்பது அவன் பெயர். அதற்குப் பிறகு நாற்பது வருடம் என் கூட்டாளி. அந்த நிமிடத்தில் மட்டும் அந்தப் பல்லைக் குறட்டால் பிடுங்கியிருப்பேன்.

மனேச்சர் தொப்பியைத் திரும்பத் தலையில் போட்டுக்கொண்டார். லொறிக்காரனைப் பார்த்து, "திருப்பு, கொழும்புக்குப் போவம்," என்றார்.

4. வாழைநார்

என் கால் தானாக இராசுவின் காருக்குப் போயிற்று. துக்கம் வந்தால் பொனற்றைத் திறப்பது என் பழக்கம். றேடியேற்றர் இறப்பர்க் குழாய் வெடித்திருந்தது.

"கிழமைக்கு ஒண்டு இப்பிடிப் படுக்குது," என்றான் இராசு. "கலியாணம் கலியாணமா ஓட்டம். திருத்தப் பட்டணத்திலை ஒரு நல்ல கை இல்லை, அண்ணை."

லொறிக்குள் நூறு சாமான் இருந்தது, இந்தக் குழாய் மாத்திரம் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியது கொழும்புக் கிளாக்கர், நான் அல்ல. சுற்றிப் பார்த்தேன். நீர்வேலியில் வாழைக்கு என்ன பஞ்சம்? பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு கீலம் வெட்டிச் சுற்றி, அதன்மேல் நனைத்த வாழைநாரை இறுக்கி, முப்பது சுற்று வரிந்து கட்டினேன். தண்ணீர் விட்டு ஸ்ராட் பண்ணினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மனேச்சர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"உது எவ்வளவு தூரம் போகும்?"

"பட்டணம் மட்டும் போகும் ஐயா."

"போனால் வேலை உமக்கு. வழியிலை நிண்டால் நீர் அதிலையே இறங்கி நடவும்."

அவர் பின் சீற்றில் ஏறினார். நான் முன்னால் இருந்தேன், பலகை மடியில். லொறி பின்னால் வந்தது. கோப்பாய் தாண்டும்வரை நான் மூச்சை மூக்கால் மட்டும் இழுத்தேன், ஆவி மணக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. நல்லூரில் கோயில் வீதியைக் கண்டதும் கையெடுத்தேன்.

"என்ன, நார் அறுந்திட்டுதோ?" என்றார் மனேச்சர்.

"இல்லை ஐயா, கும்பிட்டனான்."

ஸ்ராண்டில் போய் இறங்கினோம். நார் அப்படியே இருந்தது. கார்கள் வரிசையாக நின்றன, அட்டமி ஆனபடியால் ஒன்றும் ஓடவில்லை. றைவர்மார் பின்சீற்றில் நித்திரை. நான் சத்தமாக எண்ணினேன். ஒஸ்ரின் பத்து, மொறிஸ் நாலு, போர்ட் இரண்டு. பதினாறு. நாங்கள் வந்த ஒஸ்ரினோடு பதினேழு.

"பாத்தீங்களே ஐயா? எண்ணிக்கையிலை நான் ஒரு நாளும் பிழை விட்டதில்லை."

மனேச்சர் அப்போதுதான் முதல்முறை சிரித்தார். ஸ்ராண்டுக்கு எதிரில் ஒரு சாமான் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து அங்கேயே லொறியை இறக்குவித்தார். தலைமை மெக்கானிக் வேலையும் தந்தார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: ஸ்ரோரில் நட்டு எண்ண வேறு ஆள், நான் அந்தக் கதவுக்குள் தலை நீட்டக்கூடாது. பலகையில் 'நீர்வேலி'யை அழித்துப் பட்டணம் என்று எழுதுவித்தோம். புதுச் சிவப்பின் கீழே பழைய எழுத்து கடைசிவரை தெரிந்தது. நீர்வேலியிலும் எனக்கு ஒரு கிளை இருப்பதாகச் சனம் நினைத்தது. நான் மறுக்கவில்லை.

ஆகவே தம்பிமாரே, எந்த ஊரில் எந்தக் கார் ஓடுகிறது என்று பார்த்துவர யாராவது உங்களை அனுப்பினால், நல்ல நாள் பார்த்துப் போகாதீர்கள். அட்டமியில் போங்கள். கார் உள்ளவன் வீட்டில் காரைக் காண்பீர்கள், இல்லாதவன் வீட்டில் மாட்டைக் காண்பீர்கள். பொனற்றைப் பார்த்து முடிந்ததும் றைவரின் பல்லையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.