ஒரு பெஞ்சும் அரசியல் சாசனமும்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் லிஃப்டில் ஒரு நோட்டீஸ். பார்க் பெஞ்சுகள் குடியிருப்பவர்களுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்கும் மட்டுமாம். வீட்டு வேலை செய்பவர்கள் உட்காரக் கூடாதாம். கீழே செக்ரட்டரி குப்தாஜியின் கையெழுத்து... நோட்டீஸைவிடப் பெரிதாக!

டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் மொத்தமே நாலு பெஞ்சு. மூன்றில் புறாக்கள். நாலாவதில்தான் என் வீட்டில் வேலை செய்யும் செல்வி, அடுத்த வீட்டுக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுவாள். விழுப்புரத்துக்காரி. நாலு வீட்டு வேலை, இரண்டு முட்டியிலும் வலி. டெல்லி ஜனவரியில் வெயில் விழுகிற பெஞ்சு என்றால் சும்மாவா?

"வாச்மேன் எழுப்பி விட்டுட்டாருக்கா. தரையில குந்துனா எழுந்திரிக்க முடியல" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். என் வீட்டுக்காரர் லோதி ரோட்டில் அரசு உத்தியோகம். எப்போதோ பரீட்சைக்கு வாங்கிய அரசியல் சாசனப் புத்தகம், வருஷக்கணக்காக எங்கள் டிவிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. உருவினேன். டிவி சாய்ந்தது. சமத்துவம், பாகுபாடு கூடாது, கண்ணியமாக வாழும் உரிமை... எல்லாமே இருந்தது. பெஞ்சு மட்டும் இல்லை.

"இதெல்லாம் பெரும்பாலும் அரசாங்கத்துகிட்ட கேக்கற உரிமை. சொசைட்டி தனியார்டி" என்றார் அவர், டிவியைத் தாங்கியபடி.

விடுவேனா? புத்தகத்தோடு போய் குப்தாஜி முன் நின்றேன்.

"மேடம், அது தேசத்துக்கு. இது சொசைட்டி" என்றார் ஹிந்தியில், ரொம்பப் பொறுமையாக. குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டுச் சமத்துவம் பற்றி மைக்கில் முழங்குகிறவர் இதே மனிதர்தான். அதுவும் அந்த பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்று!

தோற்றுப்போய்த் திரும்பினேன். புத்தகம் மறுபடி டிவிக்கு அடியில் போனது. மனசு ஆறவில்லை.

மறுநாள் காலை கேட்டிலிருந்து என் மொபைலுக்கு வழக்கமான தகவல் — 'மெய்ட் வந்திருக்கிறார். அனுமதிக்கலாமா?' வருகிறவர்களை வாச்மேன் ஆப்பில் பதிவார். டெலிவரி, கேப், மெய்ட், கெஸ்ட்... கெஸ்ட்! நோட்டீஸில் விருந்தினர் உட்காரலாம் என்றுதானே இருக்கிறது?

வாச்மேனுக்கு போன் போட்டு ஹிந்தியில் சொன்னேன். "பையா, செல்வி மெய்ட் இல்லை. என் கெஸ்ட்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "அச்சா மேடம்!"

விஷயம் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை நாலு பெஞ்சிலும் விருந்தினர்கள். புறாக்கள் காலி செய்துவிட்டன. குப்தாஜி ஓடி வந்து ஆப்பைப் பார்த்தார். எல்லாரும் கெஸ்ட். விதியோ அவரே எழுதியது. பாவம், அவர் உட்காரத்தான் இடமில்லை.

செல்வி காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டதை பால்கனியிலிருந்து பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

சனிக்கிழமை வந்தவள் நேராக சோபாவில் உட்கார்ந்தாள். "கெஸ்ட்டுனு போட்டிருக்கீங்களேக்கா... காபி கெடைக்குமா?"

கொடுத்தேன். நிதானமாகக் குடித்தாள். சிங்க்கை ஒரு பார்வை பார்த்தாள்.

"விருந்தாளி எங்கனாச்சும் பாத்திரம் தேய்ப்பாங்களாக்கா?"

மறுபடி டிவியைச் சாய்த்துச் சாசனத்தைப் புரட்டினேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூட இல்லை... குக்கரை நான்தான் தேய்த்தேன்.