சாணக்யபுரிக்குப் போன பனியன்

முதல் நாள், பிற்பகல் 1.50.

திருப்பூரில் ஏறி நாற்பது மணி நேரம் உட்கார்ந்தும் படுத்தும் கடந்து, புதுடெல்லி ரயில் நிலையத்தில் இறங்கினேன். தூரம் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கையில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் ஐந்து பனியன்கள். குளிர்ப் பிரதேசத்தில் சட்டைக்கு உள்ளே போடும் முழுக்கைப் பனியன், தெர்மல் என்பார்கள். ஐந்து அளவுக்கு ஒவ்வொன்று.

இவை சாதாரணப் பனியன்கள் அல்ல, இராணுவ உதவி. போர் நடந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டின் வீரர்களுக்காக வேறொரு நாடு காசு கொடுத்து எங்கள் கம்பெனியில் தைக்கச் சொன்னவை. பணம் ஒரு நாட்டினுடையது, உடம்பு இன்னொரு நாட்டினுடையது, நூல் எங்களுடையது. எந்த நாடு என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. செய்தி பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையும் இல்லை.

நான் பேட்டர்ன் மாஸ்டர். உடம்பின் அளவைத் தாளில் வரைந்து வெட்டிக் கொடுப்பது என் தொழில், இருபத்தாறு வருடமாக. ஆனால் ஒப்பந்தத்தோடு வந்த உதவிப் பட்டியலின் மூன்றாம் பக்கத்தில், பீரங்கிக் குண்டுக்கும் இருட்டில் பார்க்கும் கண்ணாடிக்கும் நடுவே எங்கள் பனியனைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நாக்பூருக்கு அருகே ஒரு பரிசோதகர் வந்து நின்றதும் பையைத் திறந்து ஐந்து பனியன்களையும் எடுத்து விரித்துக் காட்டிவிட்டேன். அவர் டிக்கெட்டைத்தான் கேட்டார்.

டெல்லியில் எனக்கு வேலை இரண்டு. அந்த நாட்டுத் தூதரகத்தில் பனியன்களைக் காட்டி ஒப்புதல் முத்திரை வாங்க வேண்டும். அப்படியே அவர்கள் ஆர்டர் தாளில் செய்திருந்த ஒரு பிழையை நான் திருத்தியதற்கு ஒரு கையெழுத்தும் வாங்க வேண்டும். பிழை இதுதான். எந்த ஆர்டரிலும் எந்த அளவில் எத்தனை என்று ஒரு ரேஷியோ உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் இதே நாட்டிலிருந்து வந்த முதல் ஆர்டரில் ஸ்மாலும் மீடியமும்தான் அதிகம். பட்டாளத்துப் பையன்கள் அப்படித்தானே இருப்பார்கள். இந்த முறை தாளில் ஸ்மால் பேருக்கு இருந்தது, எக்ஸெல்லும் டபுள் எக்ஸெல்லும் குவிந்து கிடந்தன. எவரோ கம்ப்யூட்டரில் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டு நான் நேராக்கினேன். கட்டிங் மாஸ்டர் பழனியண்ணனிடம் திருத்திய தாளைக் கொடுத்து, நான் தூதரகத்துக்குப் போகும் நாள் மதியம் இரண்டு மணிக்கு வெட்ட ஆரம்பித்துவிடச் சொல்லிவிட்டு வந்தேன். அங்கே பனி விழுவதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும், நாள் கிடையாது.

ரயில் நிலையத்திலிருந்து மோதி பாக் பதினோரு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார், நான் நூற்றைம்பது என்றேன், இருநூற்று இருபதில் இருவரும் சமமாக வருத்தப்பட்டோம்.

மாலை 4.30.

மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருப்பவன் என் மனைவியின் தம்பி குமரேசன். மத்திய அரசு உத்தியோகம், பதினெட்டு வருட டெல்லி வாசம்.

"வாங்க மாமா. ஜல்தி குளிச்சுருங்க, அஞ்சு மணிக்குத் தண்ணி நின்னுரும்" என்றுதான் வரவேற்றான். வந்த காரியத்தைச் சொன்னதும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"நாளைக்கு நீயும் கூட வா மாப்ள. எனக்கு இங்கிலீஷ் இன்வாய்ஸ் அளவுக்குத்தான் வரும்."

"நானா? எம்பசிக்குள்ளயா? மாமா, நான் கவர்ன்மென்ட் சர்வன்ட். அந்த கேட்டுல நின்னாலே ஏன் நின்னேன்னு எழுதிக் கேப்பாங்க. அதுவும் சண்டை நடக்கற நாடு. நம்மாளுங்க ரெண்டு பக்கமும் கை குடுத்துட்டு இருக்காங்க, நடுவுல என் கை எதுக்கு?"

"அப்ப என் கை மட்டும் போனாப் பரவால்லியா?"

"நீங்க பனியன் கம்பெனி மாமா. உங்களை யாரும் சீரியஸா எடுத்துக்க மாட்டாங்க."

ஆறுதலாகத்தான் சொன்னான்.

இரண்டாம் நாள், காலை 11.10.

ஸ்கூட்டரில் நான்கு கிலோமீட்டர். சாணக்யபுரியின் சாலைகளில் ஒரு காய்ந்த இலைகூடக் கிடக்கவில்லை. சுவருக்கு மேல் கொடிகள், சுவருக்கு வெளியே வேப்பமரங்கள், மரத்துக்கு ஒரு போலீஸ்காரர். ஒவ்வொருவருக்கும் மார்பு நாற்பத்திரண்டுக்குக் குறையாது. பார்த்ததும் அளவெடுப்பது என் வியாதி. குமரேசன் தூதரகத்துக்கு இருநூறு மீட்டர் முன்பே ஒரு ரவுண்டானாவில் என்னை இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் மரத்தடியில் நின்றுகொண்டான்.

வாசலில் பையைச் சோதித்துக் கத்தரிக்கோலையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கழுத்தில் போட்டிருந்த இஞ்ச் டேப்பைக் காவலர் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். உள்ளே இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு புகைப்படம்: எங்கேயோ ஒரு ரயில் நிலையம், பனி, கையசைக்கும் ஆட்கள். நான் அதிலும் தோள் அளவுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் 1.45.

வந்தது ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான். இராணுவ அதிகாரியின் உதவியாளராம். தூதரும் அதிகாரியும் காலையிலேயே ஏதோ அமைச்சகத்துக்குப் போய்விட்டார்கள். "கேட்கப் போயிருக்கிறார்கள். எங்கள் வேலையே அதுதான், தினமும் யாரிடமாவது கேட்பது" என்று நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் பெயரைச் சொன்னால் நாடு தெரிந்துவிடும். எங்கள் ஊர் வழக்கப்படி அம்மிணி என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் திருத்திய தாளை நீட்டி, பெருந்தன்மையாகச் சிரித்து, "சின்ன டைப்பிங் மிஸ்டேக் மேடம். சரி பண்ணிட்டேன்" என்றேன்.

அவள் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது பிழை இல்லை" என்றாள். "இப்போது போகிறவர்கள் வேறு வயது. நாற்பத்தைந்து, ஐம்பது. கடைக்காரர்கள், டிரைவர்கள், வாத்தியார்கள். எல்லோரும் கொஞ்சம் குண்டு."

அப்படியானால் முதல் ஆர்டரின் மீடியங்கள் எங்கே என்று கேட்க வாய் திறந்து, மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. ஒன்று ஐம்பத்தாறு. திருப்பூரில் பழனியண்ணன் கத்தியைக் கையில் எடுத்திருப்பார். அவர் நேரம் தவறாத மனிதர்.

அடுத்து நான் செய்ததை என் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். போர் நடக்கும் நாட்டின் தூதரகத்துக்குள் வந்த ஆசாமி ஒருவன் பையை விட்டுவிட்டு வாசலை நோக்கி ஓடுகிறான் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது பாதி தூரம் ஓடிய பிறகுதான் உறைத்தது. "ருக்கோ" என்ற சத்தம் மூன்று பக்கமிருந்து வந்தது. இரண்டு கையையும் தூக்கி நின்றேன். எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் "பையா, பனியன், பனியன்" என்பதாகச் சுருங்கிவிட்டது. பின்னாலேயே ஓடி வந்த அம்மிணி காவலர்களுக்கு விளக்கம் சொல்லி, பையைத் தானே தூக்கிக் காட்டி, என் போனை வாங்கிக் கொடுக்கும்போது மணி இரண்டு இருபது.

"பழனிண்ணா, நிறுத்துங்க. கத்தி வெக்காதீங்க."

"ஏனுங்க மாஸ்டர், மொத லே வெட்டிப் போட்டனுங்களே. நீங்கதான ரெண்டு மணின்னீங்க."

"எந்த சைஸு?"

"ஸ்மாலுங்க. ரெண்டாவது லே விரிச்சு வெச்சிருக்கறேன்."

"அப்படியே விட்டுருங்க. நான் சொல்றவரைக்கும் தொடாதீங்க. தப்பு எம்மேலதான்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு லே, அதாவது ஒரு அடுக்கு துணி, ஸ்மாலில் வெட்டுப்பட்டுவிட்டதை அம்மிணியிடம் ஒப்புக்கொண்டேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். "இருக்கட்டும்" என்றாள். "அதுவும் கொஞ்சம் வேண்டும். இளைஞர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்."

மதியம் 2.30.

இனி பெரிய அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போட்டுப் பார்க்க அந்தக் கட்டடத்திலேயே தோதான உடம்பு என்னுடையதுதான். ஆகஸ்ட் மாத டெல்லியில் சட்டைக்கு மேல் டபுள் எக்ஸெல் தெர்மலைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஏசி இருந்தும் வேர்த்தது.

"குனியுங்கள்" என்றாள். குனிந்தேன். "துப்பாக்கி பிடிப்பதுபோலக் கையைத் தூக்குங்கள்." நான் பிடித்தது, பார்க்கிறவர்களுக்கு, ஒட்டடைக் கம்புபோல இருந்திருக்கும். அவள் முதல் முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே பனியன் என் தொப்பைக்கு மேல் நான்கு விரற்கடை ஏறியிருந்ததையும் இருவரும் பார்த்தோம்.

வெட்கமாகப் போயிற்று, உடம்பைப் பற்றி அல்ல. இருபத்தாறு வருட மாஸ்டர், ஒல்லிப் பையனின் பேட்டர்னை அப்படியே ஊதிப் பெரிதாக்கி டபுள் எக்ஸெல் என்று கொண்டு வந்திருக்கிறேன். வயதான உடம்பு அப்படிப் பெருப்பதில்லை. வயிறு முன்னே வரும், தோள் கொஞ்சம் இறங்கும், கை அதே நீளத்தில் இருக்கும். தினமும் கண்ணாடியில் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

அவளிடம் கேட்டேன், இந்த வயதில் அங்கே யாரையாவது தெரியுமா, அளவு சொல்ல முடியுமா என்று.

"என் அப்பா" என்றாள். "ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறார். மார்ச்சில் போனார்."

"செஸ்ட் எவ்வளவு?"

அவளுக்குத் தெரியவில்லை. உயரமும் சரியாகத் தெரியவில்லை. காலணி அளவு மட்டும் தெரிந்திருந்தது. பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றில் வட்டமாக வளைத்தாள். வலது கை விரல்கள் இடது மணிக்கட்டைத் தொடவில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி. இன்னும் கொஞ்சம் இழுத்து, கன்னத்தை லேசாகச் சாய்த்து, "இவ்வளவு" என்றாள். "இதற்குமேல் எனக்குக் கை எட்டாது."

"அப்படியே இருங்க அம்மிணி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

இஞ்ச் டேப்பை அவள் கைகளின் உள்பக்கமாக ஓட்டி, இடைவெளியையும் சேர்த்து ஒரு சுற்று எடுத்தேன். எண்ணை இரண்டு முறை படித்தேன். நாற்பத்தாறு. கடைசியாக அணைத்தபோது அப்பா கோட்டுப் போட்டிருந்தாரா என்று அவளிடம் கேட்டேன். "ரயில் நிலையத்தில். ஆமாம், பனி" என்றாள். கோட்டுக்கு ஒன்றரை இஞ்ச் கழித்து, நாற்பத்து நான்கரை என்று எழுதிக்கொண்டேன்.

அப்புறம் பழைய செய்தித்தாள்களைத் தூதரகத் தரையில் ஒட்டிப் பரப்பி, முழங்காலிட்டுப் புதிய பேட்டர்ன் வரைந்தேன். முன்பக்கம் இரண்டு இஞ்ச் கூடுதல், தோள் கால் இஞ்ச் இறக்கம். நடுநடுவே அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். குளிர் தாங்காதவர், ஏப்ரலிலும் ஜன்னல் திறக்க விடமாட்டார். பென்சில் இருந்த கையோடு தலையாட்டிக்கொண்டே வந்தேன். நான்கரை மணிக்கு ஆர்டர் தாளிலும் பேட்டர்னிலும் திருத்தங்களைக் குறித்து, கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தாள். என் தப்புத் தாளைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டவனும் நானே.

வாசலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "சீக்கிரம் அனுப்புங்கள்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ரவுண்டானாவில் குமரேசன் ஹெல்மெட்டோடு அதே மரத்தடியில் நின்றிருந்தான். "மாமா, உள்ள என்ன கலாட்டா? போலீஸ்காரங்க ஓடினாங்களே?" என்றான். எவனோ பையை விட்டுட்டு ஓடினானாம் என்றேன்.

மாலை 7.40.

புதுடெல்லி ரயில் நிலையம், டீ பதினைந்து ரூபாய். ரயில் புறப்பட அரை மணி இருக்கிறது. எங்கள் ஊரில் எட்டரை மணிவரை ஷிப்ட் ஓடும். பழனியண்ணனைக் கூப்பிட்டேன். ரேஷியோவைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர் டபுள் எக்ஸெல் எண்ணிக்கையில் நிறுத்தினார்.

"மாஸ்டர், பட்டாளத்துல இத்தனை தொப்பைங்களா?"

"பட்டாளத்துல இருந்தவங்க இல்லீங்ணா. கடையிலயும் பள்ளிக்கூடத்துலயும் இருந்தவங்க. இப்ப போயிருக்காங்க. நம்ம வயசு."

பழனியண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஐம்பத்து மூன்று. இருபது வருடமாக நாங்கள் அடுக்கடுக்காக வெட்டி அனுப்புகிறோம். போடுகிறவர்கள் யார் என்று இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

"அப்ப முன்பக்கம் ரெண்டு இஞ்ச் சேத்திக்கறனுங்க" என்றார். "குனிஞ்சா மேல ஏறிக்கும். வவுத்துலதான் மொதல்ல குளிர் புடிக்கும்."

நான் அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"சேத்திக்கங்க" என்றேன். "தோள் கால் இஞ்ச் எறக்குங்க. இன்னைக்கே ஒரு லே ஆயிருமா?"

"ஆளுங்களை நிறுத்தி வெச்சிருக்கறேன். நீங்க போனை வெச்சிராதீங்க, அளவு கேக்கோணும்."

ரயில் நகர்ந்தது. வழியனுப்ப வந்திருந்த குமரேசன் கையசைத்ததற்கு ஒரு கையால் பதில் சொன்னேன். போனில் துணி விரிக்கிற சரசரப்பு, பிறகு கத்தி மெஷின் ஓடத் தொடங்கும் உறுமல். அவர் அளவு எதுவும் கேட்கவில்லை, நானும் வைக்கவில்லை. டெல்லியின் ஓக்லா ஸ்டேஷன் தாண்டும்வரை அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.