துரு என்று துடைத்த பொட்டு

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அம்மாவின் தையல் மெசினைத் தேடி நானும் அப்பாவும் ஜேர்மனியின் லெம்கோ பக்கம் போய்வந்தோம். பழைய கால் மெசின் வாங்க அலைகிறவர்களுக்கு உதவும் என்பதால் வழியையும் செலவையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. அதன் பிறகு அப்பா பீலெஃபெல்டிலேயே சிறிய வீடொன்றுக்கு மாறினார். பழைய வீட்டுச் சாமான்களை அள்ளி வீட்டை ஒதுக்க வந்தவர்கள் தையல் அறையைக் காட்டி, இதுவுமா என்று கேட்டார்களாம். எல்லாம் என்று சொல்லிவிட்டு அப்பா பல்கனிக்குப் போய்விட்டார். நான் பேர்லினிலிருந்து வந்தபோது அறையில் ஒன்றும் இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஆனால் இங்கே பல கஃபேக்களில் மெசினின் தலையைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புக்காலை மேசையாக்கி வைத்திருப்பார்கள். அப்படி ஒன்றைக் கண்டால் அப்பா குனிந்து பார்ப்பார். பிறகு கோப்பி வேண்டாம் என்பார்.

ஒக்டோபரில் இணைய விளம்பரமொன்றில் ஒரு மெசினைக் கண்டேன். பீலெஃபெல்டிலேயே செய்தது, கறுப்பு உடல், தேய்ந்த பொன்பூக்கள். எண் தகட்டுக்கு மேலே சிவப்பாக ஒரு புள்ளி. "சிறிய துரு, போக்கலாம்" என்று விற்பவர் எழுதியிருந்தார். விஜயதசமிக்கு விஜயதசமி அம்மா குங்குமம் வைக்கிற இடம் அது. வந்து பார்க்கிறோம் என்று எழுதினேன். மரியாதைக்கு அவர் அன்றே அதைத் துடைத்துப் பளபளப்பாக்கிப் புதுப் படம் அனுப்பினார். முதல் படத்தை மட்டும் அப்பாவுக்குக் காட்டினேன். துடைத்ததை வழியில்தான் சொன்னேன். சரி என்றார்.

பேர்லினிலிருந்து பீலெஃபெல்டுக்குக் கடுகதி ரயிலில் இரண்டே முக்கால் மணித்தியாலம். மூன்று கிழமை முன்பே எடுத்ததால் இருபத்தெட்டு யூரோ. டொய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு இருந்தால் சாதாரண ரயில்களில் ஏறி இறங்கியும் போகலாம். அரை நாள் போய்விடும். பீலெஃபெல்டில் அப்பாவும் சேர்ந்துகொண்டார். அங்கிருந்து லெம்கோவுக்கு மணிக்கொரு சிறிய ரயில், முக்கால் மணித்தியாலம். அதன்பின் பஸ். சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றுதான், நேரம் பார்த்துப் போங்கள்.

அப்பா ஒரு போர்வை, கயிறு, மடிக்கிற தள்ளுவண்டி எல்லாம் கொண்டுவந்திருந்தார். மெசின் தலையை மட்டும் அன்று எடுத்து, இரும்புக்காலைப் பிறகு ஒரு வான் வண்டியில் ஏற்றுவது திட்டம். யாரையாவது கடத்தப் போகிறீர்களா என்று பஸ் சாரதி சிரித்தார். முன்பின் தெரியாதவர்களோடு பேசாத அப்பா, "என் மனைவியைக் கூட்டிவரப் போகிறோம்" என்று ஜேர்மன் மொழியில் சொன்னார். அப்படியென்றால் திரும்பும்போது அவருக்கும் டிக்கெட் எடுங்கள் என்றார் சாரதி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விற்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருடைய கொட்டிலில் பத்துக்கு மேல் மெசின்கள் நின்றன. எங்களுக்கானதை நடுவில் இழுத்து வைத்து, புதுத் தோல்பட்டி போட்டு, கோப்பியும் ஊற்றி வைத்திருந்தார். விலை எண்பது யூரோ.

அப்பா மெசினின் முகத்தைப் பார்க்கவேயில்லை. குந்தியிருந்து, பலகையின் இடதுமூலைக்கு அடியில் கையை விட்டார். மாரிகாலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் அம்மாவுக்கு அந்த மூலையில் விளக்குப் பூட்டிக் கொடுத்தவர் அவர். மூன்று திருகாணிகளை அடியிலிருந்து முடுக்கியிருந்தாராம். எனக்கு அது தெரியாது. தடவினார். மறுபடி தடவினார். போனில் வெளிச்சம் பிடிக்கச் சொன்னார். மரம் ஓட்டை ஒன்றும் இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. பலகை மாற்றியதா என்று கேட்டேன். எல்லாம் பழையதுதான் என்றார் விற்பவர்.

"இது அம்மாவின்ர இல்லை, பிள்ளை."

"பொட்டு இருந்ததே அப்பா."

அவர் பலகைக்குக் கீழே வலதுபக்க லாச்சியை இழுத்துத் திறந்தார். சேலைச் சட்டைக்குத் தைக்கிற கொக்கிகள், பாதி முடிந்த பொன்நூல் உருளை, மொட்டையாகிப்போன சோக்கு. அம்மா பொன்நூல் பாவித்ததில்லை.

"இதுவும் எங்கட ஆக்களின்ரதான். ஆரோ ஒரு தாயின்ர."

யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று விற்பவருக்குத் தெரியவில்லை. வீடு ஒதுக்குகிறவர்களிடம் மொத்தமாக வாங்கியதாம். அதே பூ, அதே கறுப்பு; இதையாவது வாங்குவோமா என்று அப்பாவிடம் கேட்டேன். வெறுங்கையோடு அவரைத் திருப்பிக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

"நாங்கள் கொண்டுபோனா, அந்தத் தாயின்ர பிள்ளை எங்க போய்த் தேடும்?"

பிறகு பேர்சைத் திறந்து, நவராத்திரிக்குக் கோயிலில் கொடுத்த குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். வைக்கலாமோ என்று அவரிட்டக் கேள் என்றார். அது துரு இல்லை, வருடத்துக்கொரு தரம் அந்த வீட்டுப் பெண் வைத்தது என்று விற்பவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் முகம் சிவந்துபோய், பெற்றோலால் அல்லவா துடைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மெசின் எண்ணெயில் ஒரு துளி தொட்டு, குங்குமத்தைக் குழைத்து, மோதிரவிரலால் அப்பா அதே இடத்தில் வைத்தார். விற்பவர் அப்போதே படம் எடுத்து விளம்பரத்தை மாற்றினார். துரு என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்.

திரும்பும்போதும் அதே சாரதி. மடித்த போர்வையையும் வெறும் வண்டியையும் பார்த்தார். இரண்டே டிக்கெட் தந்தார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: படகு வடிவான பொபின் கூடு உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தனியாகக் கிடைப்பது கஷ்டம். மரத்தில் புழுத்துளை பாருங்கள். எண் தகட்டைப் படம் எடுத்து வையுங்கள்; எங்கள் வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. விற்பவருக்கு எழுதும்போது, எதையும் துடைக்க வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது. அது நிக்குதோ என்று அப்பா கிழமைக்கொருக்கால் கேட்கிறார். வலது லாச்சியில் பொன்நூலும் கொக்கியும் வைத்திருந்தது உங்கள் அம்மா என்றால், கீழே எழுதுங்கள், வழி சொல்கிறேன்.

எங்களுடையதை எங்காவது காணலாம். கஃபே மேசையாகக்கூட இருக்கலாம். பொட்டு இப்போது இராது. இடதுமூலைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், மூன்று ஓட்டைகள் இருக்கும்.