கிடாருக்குச் சிவப்பு

மகளின் கிடாருக்குப் பூச, மர ரேகை தெரியும்படியான சாயங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பின் நெடி, ஆம்பூரில் இப்போது இடித்துவிட்ட தோல் பதனிடும் ஷாப்பின் வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. நாள் முழுக்க கடகடவென்று உருளும் பிரம்மாண்டமான மர டிரம் நின்றதும், அப்பா அதன் சின்னக் கதவு வழியாக உள்ளே நுழைந்து தோல்களை இழுத்துப் போடுவார். ஒருநாள் அவர் உள்ளே இருக்கும்போதே கதவிலிருந்து சிவப்பாக ஒழுகியது. அலறினேன். முழங்கைவரை சிவந்த கைகளோடு தலையை நீட்டி, “இன்னாத்துக்கு அழுவுற? சாயம்தாம்மா,” என்றார். அதன்பிறகும், அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் அந்தத் தலை வெளியே வரும்வரை எனக்கு மூச்சே வராது.

மகள் சிவப்பில் தோய்ந்த உள்ளங்கையைக் காட்டினாள். குழாயடிக்கு இழுத்துப் போனேன்.

“சாயம்தாம்மா,” என்றாள்.

எனக்கும் தெரியும். தேய்ப்பதை நிறுத்தத்தான் முடியவில்லை.