ஆமை பிடித்த விரதம்

கலியாணமாகி முரசுமோட்டைக்கு வந்த முதல் மாரியில் எனக்கும் மாமிக்கும் நடுவில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. எண்பதாம் ஆண்டளவில் இருக்கும். வயலுக்கு வரம்பு வெட்டப் போன என் கணவர், மண்வெட்டிக்குத் தப்பிய குட்டியொன்றை இடுப்புச் சாரத்தில் சுருட்டி எடுத்துவந்து என் கையில் வைத்தார். சிரட்டையை விடச் சின்னது. முதுகெல்லாம் மஞ்சள் கீறல். குளத்தில் நீந்துகிற சாதியல்ல, காட்டில் நடந்து திரிகிற தரை ஆமை.

மாமி வேலிப் படலையடியில் நின்றே கத்தினார். "ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கொண்டுபோய்க் காட்டில விடடா!"

"வீட்டுக்குள்ள விடேல்லை மாமி, குசினிக்குள்ளதான் விடப்போறன்" என்றேன்.

சமைக்கிற எங்கள் குசினி வீட்டை விட்டுத் தள்ளித் தனிக் கொட்டிலாக நின்றது. ஆகவே நான் சொன்னதில் பிழை பிடிக்க முடியாது. மாமி என்னை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அதைத் தந்த ஆமையை நான் விடுவேனா?

தீன் என்றால் அப்படி ஒரு தீன்! பொன்னாங்காணி, பூசணிப்பூ, முருங்கையிலை, ஒன்றும் மிஞ்சாது. சிவப்பைக் கண்டால் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடும். ஒருநாள் மாமியின் சிவப்புச் சேலைக்கரையைக் கவ்வி இழுத்துப் பார்த்தது. நான் கிணற்றடிக்குப் போய் நின்று சிரித்துவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வெயிலே இல்லை. கந்தசஷ்டி தொடங்கிய காலையில் பார்த்தால், ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மூலையில் கல்லுப் போலக் கிடந்தது. கீரையை மூக்கடியில் வைத்தும் கண் திறக்கவில்லை. நான் ஓட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். மாமிக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"பாரன் பிள்ளை, சஷ்டி தொடங்கின அண்டைக்கே சாப்பாட்டை விட்டிட்டுது! முருகா, இது வெறும் ஆமையில்லை. போன பிறப்பில ஆரோ பெரிய பக்தன்."

"குளிரில விறைச்சுப் போச்சு மாமி."

"உனக்கென்ன தெரியும்? நீ விரதம் பிடிச்சனியோ?"

நான் பிடிக்கவில்லை.

மாமி வருடாவருடம் சஷ்டிக்குப் பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, பின்னேரப் பூசை முடிந்ததும் பாலும் வாழைப்பழமும் எடுப்பார். அதோடு பிரஷர்க் குளிசையும் போடுவார். வெறும் வயிற்றில் குளிசை போடவே கூடாது என்று ஆசுபத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அந்தமுறை பாலைக் கொண்டுபோனேன். கையால் விலக்கிவிட்டார்.

"ஒரு ஆமை பச்சைத் தண்ணியும் குடியாமல் கிடக்குது. நான் மனிசி, வாழைப்பழம் திண்டால் வெக்கமில்லையே?"

பால் போயிற்று, பழம் போயிற்று, குளிசையும் போயிற்று. ஆமையோடு போட்டி! மறுநாள் கோயிலால் வந்தவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். ஓடிப்போய்ப் பிடித்து இருத்தினேன். சண்டை பிடிக்கிற மாமிதான், ஆனாலும் விழுந்து கிடக்கப் பார்க்க மனம் வருமா?

"உங்கட அம்மாவோட ஒருக்காக் கதையுங்கோ" என்று கணவரிடம் போனேன்.

"அவாவோட ஆர் கதைக்கிறது? நீ ஆமையோட கதை" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

இந்த ஆம்பிளைகள்! ஆனால் யோசித்தால் அவர் சொன்னதுதான் வழி. ஆமை வாயைத் திறந்தால்தான் மாமி வாயைத் திறப்பார்.

அலுமினியப் பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி ஆமையை இருத்தினேன். மாமி எட்டிப் பார்த்து, "முழுக்காட்டிறியோ? நல்லது, நல்லது" என்றார். சூடு காணட்டும் என்று அடுப்போரத்தில் விட்டேன். அது ஆறின சாம்பலுக்குள் புகுந்து, முதுகெல்லாம் வெள்ளையாக வெளியே வந்தது. மாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துவிட்டார்.

"ஐயோ முருகா, திருநீறு பூசிக்கொண்டெல்லோ வந்திருக்குது!"

அன்றைக்குத் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். என் வைத்தியம் ஆமையை எழுப்பவில்லை, மாமியைத்தான் முடிக்கப் பார்த்தது.

அடுத்த நாள் மழை வெளித்து, சுள்ளென்று வெயில் எறித்தது. முற்றத்தில் சாக்கை விரித்து ஆமையை வைத்தேன். மாமி வாசலில் கதிரை போட்டு இருந்து, காய்ந்த உதட்டோடு முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கனநேரம் கழித்து ஆமையின் கழுத்து வெளியே வந்தது. ஒரு கண் திறந்தது. பிறகு மற்றது. நான் பப்பாப்பழத் துண்டொன்றை மெல்ல முன்னால் தள்ளினேன். கடி, என் ராசா, கடி, என்ர மானத்தை வாங்காதே!

கடித்தது. கடித்ததென்ன, வாயெல்லாம் சாறு வடிய விழுங்கியது.

நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. முணுமுணுப்பு நின்றுவிட்டது. விரதம் முறித்த பாவியென்று ஆமையைத் துரத்துவாரா, இல்லை அதன் பாவத்துக்கும் சேர்த்துத் தானே பட்டினி கிடப்பாரா?

"சின்னப்பிள்ளைதானே. எவ்வளவுக்கெண்டு தாங்கும்?" என்று மாமியின் குரல் வந்தது.

மாமி தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, பாலைக் காய்ச்சு. அந்தக் குளிசையையும் எடுத்துக்கொண்டு வா. அது தனியச் சாப்பிட்டால் வெக்கப்படும்."